சாமி உருவம் போட்ட ஹை ரிலீஃப் வெள்ளி நாணயத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியுவே என்ற தீவின் பெயரில் வந்த 2 அவுன்ஸ் வெள்ளி நாணயம், கிரேக்கக் கடல் தெய்வம் போசைடனின் உருவம், ஹை ரிலீஃப் (உருவம் நன்றாகப் புடைத்து நிற்கும் வகை), உலகத்துக்கே 500 தான் என்கிறார் விற்பவர். விலையோ வெள்ளியின் மதிப்பைப் போல மூன்று மடங்கு. வாங்கலாமா, பிற்பாடு விலை ஏறுமா என்பது கேள்வி. கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. வெள்ளிக்கு மேல் கொடுக்கும் அந்த இரண்டு பங்கு எதற்காக? கொடுத்தால் அது திரும்பி வருமா? முதலாவது என் தொழில், அடித்துச் சொல்வேன். இரண்டாவதில் பாதிதான் என் கையில் இருக்கிறது. எது எந்தப் பாதி என்று பிரித்தே சொல்கிறேன்.

சவுகார்பேட்டைச் சந்து ஒன்றில் 26 வருடமாக அச்சு வெட்டுகிறேன். தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் நகைக்கடையில் வாங்குகிறீர்களே, லட்சுமி, பிள்ளையார் போட்ட வெள்ளிக் காசு, அதற்கான எஃகு அச்சு. 12 வருடமாக வெளிநாட்டு ஹை ரிலீஃப் நாணயங்களும் சேர்க்கிறேன். இதுவரை 31 சேர்ந்திருக்கிறது.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 5 ரூபாயை எடுத்து விரலால் தடவுங்கள். மேடு தெரியும், ஆனால் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட தட்டைதான். புழக்கத்துக்கு வரும் காசு ஒரே அடியில் விழ வேண்டும், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விழ வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஆடாமல் நிற்க வேண்டும். அதனால் உருவத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வெட்டுவார்கள். ஹை ரிலீஃப் என்றால் அச்சில் குழி ஆழம். வெள்ளி அந்தக் குழியின் அடி வரைக்கும் ஏறி நிரம்ப வேண்டும். வெள்ளி மிருதுவானதுதான், ஆனால் ஒரு அடி வாங்கியதுமே இறுகிப்போகும். இறுகியதை அப்படியே மறுபடி அடித்தால் காசின் ஓரம் கிழியும், இல்லாவிட்டால் அச்சு வெடிக்கும். ஆகவே ஒரு அடி, பிறகு மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்குவது, மறுபடி ஒரு அடி, மறுபடி காய்ச்சுவது. ஒவ்வொரு முறையும் அச்சுக்குள் காசு இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். பிசகினால் உருவத்துக்கு இரட்டைக் கோடு விழுந்துவிடும்.

இது எனக்குப் புரிந்தது பிள்ளையார் தொந்தியில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் 50 கிராம் பிள்ளையார் கேட்டார். கையில் எடுத்தால் தொந்தி விரலில் தட்ட வேண்டும் என்றார். ஆசையோடு ஆழமாக வெட்டினேன். முதல் ஆறு காசும் முன்பக்கம் அழகாக வந்தன. திருப்பிப் பார்த்தால் பின்பக்க நடுவில் இருந்த ‘ஓம்’ பாதி காணவில்லை. அந்த இடம் குழிந்து, எழுத்து கரைந்த மாதிரி இருந்தது. என் ஆசான் எட்டிப் பார்த்துவிட்டு, “வெள்ளி எங்கேர்ந்துடா வரும்? முன்னாடி தொந்திக்குப் போச்சுன்னா பின்னாடி குறையத்தானே செய்யும்” என்றார். ஓம் எழுத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். மூன்று அடி, நடுவே இரண்டு முறை காய்ச்சல் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். சாதாரணக் காசு 40 அடிக்க அரைமணி நேரம் போதும். அந்தப் பிள்ளையார் 40 முடிய இரண்டு நாள் பிடித்தது. நல்ல ஹை ரிலீஃப் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், முன்பக்கம் எங்கே மேடு அதிகமோ, அதற்கு நேர் பின்னால் பெரும்பாலும் வெறுமையாக விட்டிருப்பார்கள். வடிவமைத்தவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு அதுவே அடையாளம்.

பெரிய நாட்டு நாணயச்சாலைகளும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தன. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பழைய கிரேக்க நாணயங்களின் புடைப்பு மேல் தீராத மோகம். அவர் கேட்டபடி சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் 20 டாலர் தங்க நாணயத்துக்கு உருவம் செய்தார். அழகு சொல்லி முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பல அடி தேவைப்பட்டது, அடுக்கினால் நிற்கவில்லை. 1907இல் சுமார் 12,000 மட்டும் ஹை ரிலீஃபாக அடித்துவிட்டு, தலைமை அச்சு வெட்டுநர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தாழ்த்திவிட்டார். அந்த நாணயம் புழக்கத்துக்கு வருவதைப் பார்க்காமலே அந்த ஆண்டு ஆகஸ்டில் சிற்பி காலமானார். இன்று சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த உயர்ந்த புடைப்புள்ளதைத்தான். இப்போது இயந்திரங்கள் முன்னேறிவிட்டன. லிக்டென்ஸ்டைனின் சிஐடி நிறுவனமும் ஜெர்மனியின் பி.எச். மேயர் பட்டறையும் சேர்ந்து கொண்டுவந்த ‘ஸ்மார்ட்மின்டிங்’ முறையில் குறைந்த வெள்ளியிலேயே கூடுதல் புடைப்பு எடுக்கிறார்கள். ஆகவே எடை கூடினால் புடைப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் நாணயம். அதன் மூக்கு நுனியைப் பாருங்கள். இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில். முகத்தில் மிக உயரமான இடம் மூக்கு நுனி, அதாவது அச்சில் மிக ஆழமான இடம். வெள்ளி கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே. அடி போதாவிட்டால் மூக்கு நுனி மழுங்கி, சற்றே சொரசொரப்பாக, அடிக்காத வெற்றுத் தகட்டின் முகம் அப்படியே தெரியும். பார்ப்பவர்கள் அதைத் தேய்மானம் என்று நினைப்பார்கள். உண்மையில் அங்கே வெள்ளி போகவே இல்லை. அடுத்து புருவ மேடு, விரல் முட்டி, திரிசூலத்தின் நடு முனை, தாடிச் சுருளின் உச்சி. பிறகு விளிம்பு: காசை நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய தகடு போல ஒரு பிசிர் எழும்பியிருந்தால், வெள்ளி குழிக்குள் ஏறாமல் பக்கவாட்டில் தப்பித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆன்டிக் ஃபினிஷ் நாணயமானால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வெள்ளியை ரசாயனத்தில் கறுக்கவைத்து, மேட்டை மட்டும் தேய்த்து வெளுப்பாக்குவது அந்த முறை. பள்ளத்தில் கறுப்பு நிற்பதால் இல்லாத ஆழமும் இருப்பது போலத் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நிழல் விழுவதிலிருந்து உண்மையான ஆழம் தெரிந்துவிடும்.

வெள்ளி விலைக்கு மேல் நீங்கள் கொடுப்பது இந்த வேலைக்கு. சிற்பி, அச்சு, பல அடி, வீணாகிக் கழிந்த காசுகள், கையால் தேய்த்த கூலி எல்லாம் அதில் அடக்கம். மூக்கு நிரம்பாத நாணயத்துக்கு அந்தக் கூலியைக் கொடுக்கக் கூடாது, 500 அல்ல, 50 தான் அடித்தார்கள் என்று சொன்னாலும் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

500 என்ற எண்ணைப் பற்றி. அறிவிக்கும் மின்டேஜ், அதாவது அடிக்கும் எண்ணிக்கை, பெரும்பாலும் உச்சவரம்பு, அத்தனையும் அடித்தே தீருவார்கள் என்றில்லை. அதைவிட முக்கியமானது, அதே உருவம் வேறு எத்தனை வடிவத்தில் வருகிறது என்பது. ஆன்டிக் ஃபினிஷில் 500, தங்கமுலாம் பூசியதில் கொஞ்சம், வண்ணம் தீட்டியதில் கொஞ்சம், 1 அவுன்ஸில் சில ஆயிரம், 1 கிலோவில் கொஞ்சம் என்று வந்தால், ‘உலகத்துக்கே 500’ என்ற பேச்சு எழுத்துக்கு உண்மை, நடைமுறைக்கு இல்லை. விற்பவரிடம் இதை நேராகவே கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலிய அரசுக்குச் சொந்தமான பெர்த் மின்ட் போன்ற இடங்கள் எத்தனை அடித்தோம் என்பதை வெளியிடுகின்றன. தனியார் வெளியீடுகளில் சான்றிதழும் விளிம்பில் பொறித்த வரிசை எண்ணும்தான் ஆதாரம். இரண்டும் பொருந்த வேண்டும்.

நியுவே என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 2,000 பேர்கூட இல்லாத பசிபிக் தீவு அது, அங்கே கடையில் ஓடுவது நியூசிலாந்து டாலர். துவாலு, குக் தீவுகள், பலாவு போலவே, ராயல்டி வாங்கிக்கொண்டு தன் பெயரில் நாணயம் வெளியிட அனுமதிக்கிறது. அடிப்பது வேறு நாட்டுப் பட்டறை. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, முகமதிப்பு பொறித்த சட்டப்படியான நாணயம்தான். நம் ஊரில் எம்எம்டிசி பாம்ப் நிறுவனம் விற்கும் லட்சுமி, பிள்ளையார் காசோ, நான் அச்சு வெட்டும் காசோ வெள்ளியில் சுத்தமாக இருக்கலாம், ஆனால் சட்டப்படி நாணயம் ஆகாது. பதக்கம்தான். நாணயத்துக்கு நாடு ஒன்றின் பெயரும் முகமதிப்பும் வேண்டும். நம் அரசும் கோயில், தெய்வம் போட்ட நினைவு நாணயங்கள் வெளியிட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1,000 ரூபாய் நாணயம் 35 கிராம், அதில் வெள்ளி 80 சதவீதம். புடைப்பு குறைவு, ஆனாலும் நம் ஊர்க் கோயில் என்பதால் என் பெட்டியில் அதற்கு முதல் இடம்.

இனி இரண்டாம் கேள்வி, பணம் திரும்பி வருமா? நகைக்கு நாம் கொடுக்கும் செய்கூலி, சேதாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நகையை விற்கப் போனால் கடைக்காரர் உருக்கு விலைதான் போடுவார். இந்த நாணயத்தை என்எஸ்சி போஸ் சாலையில் எந்த வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோனாலும் தராசில் வைத்து 62 கிராம் என்று கணக்குப் பார்ப்பார்கள். போசைடனின் தாடியை அவர்கள் பார்க்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. கூலியும் சேர்ந்து வர வேண்டுமானால் இன்னொரு சேகரிப்பாளர் வேண்டும். சென்னையில் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பினால் தபால், காப்பீடு, ஏலக் கமிஷன் என்று போய்விடும். என் 31இல் வாங்கிய விலையைவிட அதிகம் கொடுக்க ஆள் வந்தது நான்குக்கு. அந்த நான்கில் மூன்று, ஒரு தொடரின் முதல் நாணயம். தொடரைப் பிற்பாடு சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு முதலாவதுதான் கிடைக்காது, அதனால் தேடுகிறார்கள் என்பது என் ஊகம். நான்கை வைத்து யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. வெள்ளியின் விலை ஏறினால் அந்த மூன்றில் ஒரு பங்கு ஏறும், மற்ற இரண்டு பங்கு அதோடு சேர்ந்து ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள். வெள்ளியில் முதலீடுதான் நோக்கம் என்றால் கட்டி வெள்ளி வாங்குங்கள், செய்கூலி மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பதானால் சுங்கத்தையும் கணக்கில் சேருங்கள். வெள்ளி மீதான இறக்குமதி வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. இந்த விகிதம் அடிக்கடி மாறும், மேலே 3 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பு அன்றைய நிலவரத்தைக் கூரியர்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அசலா என்று பார்க்கும் முறையில் எனக்கு நம்பிக்கை உள்ளது தண்ணீர்ச் சோதனை. 2 அவுன்ஸ் என்றால் 62.2 கிராம். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசின் மேல் ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். சுத்த வெள்ளியானால் தராசு 5.93 கிராமுக்குப் பக்கத்தில் காட்டும். உள்ளே செம்பு என்றால் 7 கிராமை நெருங்கும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டும். இதற்கும் எல்லை உண்டு. 999 வெள்ளிக்கும் 925 வெள்ளிக்கும் வித்தியாசம் இதில் சரியாகப் பிடிபடாது. அதற்கு டச், அதாவது வெள்ளியின் தூய்மையை இயந்திரத்தில் பார்க்கும் கடை இருக்கிறது, சவுகார்பேட்டையில் தெருவுக்கு ஒன்று. ஆனால் அந்த இயந்திரம் காசின் மேல்தோலை மட்டுமே படிக்கும், கனமாக வெள்ளிமுலாம் பூசிய போலியைத் தூய வெள்ளி என்று சொல்லிவிடும். இரண்டு சோதனையும் ஒத்துப்போனால் நம்பலாம். கண்ணாடி போலப் பளபளக்கும் ப்ரூஃப் நாணயத்தைத் தண்ணீரில் விடாதீர்கள், கறை விழுந்தால் போகாது. உரைகல் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொரு போலி நம் பகுதியில் நிறையச் சுற்றுகிறது. ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ லட்சுமியோ பொறித்த காசு. நடைபாதையில் விரித்து, மூதாதையர் புதையல் என்று விலை சொல்வார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, எல்லாம் பிற்காலத்தில் செய்தவை. கம்பெனி உண்மையிலேயே மதராஸில் சாமி உருவம் போட்ட நாணயம் அடித்தது என்பதுதான் இதில் சுவையான விஷயம். வேங்கடாசலபதியும் இரண்டு தேவியரும் இருக்கும் மூன்று சுவாமி வராகன் தங்கத்தில் வந்தது. 1808 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால். பல அரை வராகன்கள் ஸ்பானிய வெள்ளி டாலர் மேலேயே அடிக்கப்பட்டவை, உற்றுப் பார்த்தால் அடியில் பழைய எழுத்து தலைகாட்டும். நாம் நடக்கும் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த நாணயச்சாலை அங்கே வந்தது அதற்குப் பிறகு, 1840களில். 1869இல் மூடிவிட்டார்கள். என் பட்டறையிலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம், அதனாலோ என்னவோ இந்த அரை வராகன் மேல் எனக்குத் தனிப் பாசம். அசல் கிடைத்தால் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

நம் தெய்வங்கள் போட்ட வெளிநாட்டு நாணயம் வாங்கினால் உருவ இலக்கணத்தைப் பாருங்கள். அச்சில் எல்லாமே இடவலம் மாறித்தான் வெட்ட வேண்டும், அதில் தடுமாறினால் தெய்வமே திரும்பிவிடும். நடராஜர் என்றால் உடுக்கை வலக்கையில், நெருப்பு இடக்கையில், தூக்கிய பாதம் இடது. வலது பாதம் தூக்கியிருந்தால் பிழை என்று உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம், மதுரையில் கால் மாறி ஆடிய கோலம் அதுதான். அந்த இடத்தின் பெயரே வெள்ளியம்பலம். வெள்ளியில் அந்தக் கோலத்தை ஒருநாள் யாராவது நல்ல ஹை ரிலீஃபாக அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

பாதுகாப்பில் வடசென்னைக்காரருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றில் உள்ள கந்தகம். நமக்கு ஒரு பக்கம் மணலி ஆலைகள், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், கடல் ஈரம் வேறு. வெள்ளிக் குத்துவிளக்கு எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். காசை அது வந்த பிளாஸ்டிக் கேப்ஸ்யூலிலேயே வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கடையில் கொடுக்கும் மெத்தென்ற பிவிசி உறை மூன்றும் ஆகாது. போன வருடம் ஒரு அம்மா ஆன்டிக் ஃபினிஷ் துர்க்கை நாணயத்தைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் குங்குமம் வைத்து, பிறகு விபூதியால் தேய்த்துத் துடைத்திருக்கிறார். கறுப்பு முழுக்கப் போய், சிங்கத்தின் பிடரியில் குங்குமம் அடைத்து, தேவியின் முகத்தில் நெடுக மெல்லிய கீறல்கள். பக்தியோடு செய்ததை என்ன சொல்வது? அதை அப்படியே பூஜையறையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், இனி அது பூஜைக் காசு. பூஜைக்கு வேண்டுமென்றால் நம் ஊர்ப் பதக்கமே போதும். சேகரிப்புக்கு வாங்கியதைக் கையுறை போட்டு விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

தம்பி, விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம், மூக்கு நுனி மட்டும் கிட்டத்தில், வரிசை எண்ணோடு விளிம்பு. அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அனுப்பினால் இங்கேயே போடுங்கள், அச்சு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.